புழுக்கையில் தெரியாத புழு

ஆட்டுப் புழுக்கையோடு அரிசி மணி போல வெள்ளைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், மறுநாளே மருந்துக்கடையில் நிற்போம். "ஆட்டுக்குப் பூச்சி விழுந்திருக்கு, மருந்து குடுங்க." அந்தத் துணுக்குகள் மோனீசியா என்ற நாடாப் புழுவின் உடலிலிருந்து கழன்று விழும் கண்ணிகள். பார்க்க அருவருப்பாக இருக்கும். இளங்குட்டிகளின் குடலில் நிறைய சேர்ந்தால் வளர்ச்சி மட்டுப்படலாம். வளர்ந்த ஆட்டை அது சாகடிப்பது அபூர்வம்.

சாகடிக்கிற புழு வேறு. அது வெளியே வருவதில்லை, புழுக்கையை எவ்வளவு கிளறினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதன் பெயர் ஹீமாங்கஸ் கண்டார்டஸ். ஆட்டின் நான்கு அறை இரைப்பையில் கடைசி அறையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு ரத்தம் குடித்தே வாழ்கிறது. பெண் புழு 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம், தையல் நூல் பருமன். ரத்தம் நிறைந்த அதன் சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைச் சினைப்பைகள் முறுக்கிக்கொண்டு ஓடும். முடிதிருத்தும் கடை வாசலில் சிவப்பும் வெள்ளையுமாகச் சுழலும் கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இதற்கு அந்தக் கம்பத்தின் பெயர்தான். கறிக்கடையில் குடல் கழுவுகிறவர்கள் மழைக்காலத்தில் இதைப் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாமலே. (குடல் குழம்புப் பிரியர்கள் பயப்பட வேண்டாம். இது கறி வழியாகத் தொற்றுவதில்லை.)

ஒரு புழு ஒரு நாளைக்கு ஆட்டின் ரத்தத்தைச் சுமார் 0.05 மி.லி. காலி செய்கிறது. ஒரு சொட்டுதான். ஆனால் ஆயிரம் புழு இருந்தால் 50 மி.லி. 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் மொத்த ரத்தமே ஒன்றே முக்கால் லிட்டர் அளவுதான். நாளுக்கு 50 மி.லி. வீதம் இரண்டு வாரம் போனால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு புது ரத்தம் ஊறவைக்கப் பார்க்கும். தீனி நன்றாக இருந்தால் கொஞ்ச நாள் ஈடுகொடுக்கும். அப்புறம் முடியாது.

இதில் கழிச்சல் பெரும்பாலும் வராது என்பதுதான் வம்பு. புழுக்கை வழக்கம் போல உருண்டையாகவே விழும். ஆடு மேயும், கொஞ்சம் பின்தங்கி வரும், மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். பிறகு தாடைக்குக் கீழே நீர் கோத்து ஒரு பை போலத் தொங்கும். ரத்தத்தோடு புரதமும் வெளியேறிவிடுவதால் நாளங்களில் நீர் நிற்காமல் கசிந்து, பள்ளமான இடத்தில் தேங்குகிறது. நாள் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்ந்துவிட்டு வரும்போது வீக்கம் பெரிதாகத் தெரியும். இரவெல்லாம் பட்டியில் தலை நிமிர்ந்து படுத்திருந்தால் காலையில் வற்றியிருக்கும். சாயங்காலம் கவலைப்பட்டவர் காலையில் "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுவார். "நேத்து வரைக்கும் நல்லா மேய்ஞ்சுச்சுங்க, காலையில பார்த்தா செத்துக் கிடக்குது" என்று மருத்துவரிடம் சொல்லும் கதைகளில் கணிசமானவை இந்தப் புழுவின் கைங்கரியம்.

சரி, ஆட்டுக்குள் இது எப்படிப் போகிறது? பெண் புழு ஒரு நாளைக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். முட்டைகள் புழுக்கையோடு தரையில் விழுகின்றன. வெயிலில் புழுக்கை காய்ந்து கல்லாகிவிட்டால் அநேகமாக அத்தோடு சரி. ஈரமும் இதமான சூடும் இருந்தால் ஒரே வாரத்தில் முட்டை பொரிந்து, இரண்டு பருவம் கடந்து, தொற்றும் நிலையில் இளம்புழு தயாராகிவிடும். தண்ணீர்ப் படலத்தில் நீந்தித்தான் அது புல்லில் ஏறும், அதுவும் பெரும்பாலும் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குள்தான். ஆடு அந்தப் புல்லோடு சேர்த்து அதையும் தின்ற மூன்று வாரத்தில் அது முட்டையிடத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த புல்லில் ஏறியது தையில் ஆட்டைச் சாய்க்கிறது என்றால் கணக்கு சரியாக வருகிறது. கோடையில் காணாமல் போய்விட்டதே என்றும் நினைக்க முடியாது. காலம் தோதாக இல்லாவிட்டால் இளம்புழு ஆட்டின் இரைப்பைச் சுவரிலேயே வளர்ச்சியை நிறுத்திவைத்து மாதக்கணக்கில் காத்திருக்கும். அந்த நேரத்தில் அது முட்டையும் இடாது. எனவே புழுக்கைச் சோதனையில் சிக்காது.

வெள்ளாட்டுக்கு இது ஏன் இவ்வளவு தொல்லை என்பதற்கு வெள்ளாட்டின் வாயைப் பார்க்க வேண்டும். செம்மறி குனிந்து புல்லைக் கரம்பும். வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வேலியிலும் மரத்திலும் வைத்துத் தழை கடிக்கும். தழையில் ஹீமாங்கஸ் ஏறுவதில்லை. தலைமுறை தலைமுறையாக மேலே பார்த்து மேய்ந்த இனம் இந்தப் புழுவோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவையே பெரிதாக இல்லாமல் வளர்ந்தது. செம்மறிக்கு வயது ஏற ஏற ஓரளவு எதிர்ப்பு கூடும். வெள்ளாட்டுக்கு அது அவ்வளவாக வாய்ப்பதில்லை. கன்னி, கொடி என்ற நாட்டு வெள்ளாட்டு இனங்கள் தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துக் காய்ந்த முள்காட்டில் மேய்ந்து பழகியவை. அவற்றை வேலி போட்ட புல் நிலத்தில் நெருக்கி விட்டு, அதே இடத்தில் புழுக்கையும் போட்டு அதே இடத்தில் மேயவும் செய்தால், புழுவுக்கு நாமே பந்தி விரிக்கிறோம் என்றுதான் பொருள்.

இப்போது பரவல் கணக்குக்கு வருவோம். 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வெள்ளாடுகள் சுமார் 14 கோடியே 89 லட்சம். தமிழ்நாட்டில் மட்டும் 1 கோடியை நெருங்குகிறது. இவற்றில் எத்தனை ஆட்டுக்கு இந்தப் புழு இருக்கிறது என்று கேட்டால் ஆய்வுக்கு ஆய்வு எண் மாறும். மாறத்தான் செய்யும். மழைக்குப் பின் எடுத்தால் பாதிக்கு மேற்பட்ட ஆடுகளில் முட்டை தெரிவது சாதாரணம். அதே ஊரில் பங்குனியில் எடுத்தால் எண் பாதியாகக்கூட இறங்கலாம். புழுக்கையைச் சோதித்துச் சொல்லும் சதவீதமும், இறைச்சிக்கூடத்தில் இரைப்பையைக் கிழித்துப் பார்த்துச் சொல்லும் சதவீதமும் ஒத்துப்போகாது. கிழித்துப் பார்ப்பவருக்கு முட்டையிடாத இளம்புழுவும் ஆண் புழுவும்கூட அகப்படும். ஆகவே "70 சதவீதம் தாக்கம்" என்று எங்காவது படித்தால் எந்த மாதம், எந்த வயது ஆடு, எந்த முறை என்ற மூன்றையும் கேட்காமல் நம்ப வேண்டாம்.

அந்தச் சதவீதம் சரியாகவே இருந்தாலும் அதை வைத்து ஒரு பட்டிக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம்தான் என்பது என் கட்சி. ஒரு கணக்குக்காக இரண்டு பட்டிகளை எடுத்துக்கொள்வோம், ஒவ்வொன்றிலும் இருபது ஆடு. முதல் பட்டியில் எல்லா ஆட்டிலும் ஒரு கிராம் புழுக்கைக்கு 150 முதல் 250 முட்டை. இரண்டாவதில் 14 ஆட்டில் சுமார் 100 முட்டை, மூன்றில் 600, மிச்சம் மூன்றில் 4,500. தாக்கம் இரண்டிலும் நூற்றுக்கு நூறு. ஆனால் முதல் பட்டியில் ஆடு சாகாது, இரண்டாவதில் சாகும். இரண்டாம் பட்டியின் மொத்த முட்டையில் ஐந்தில் நான்கு பங்கு அந்த மூன்று ஆட்டிலிருந்து மட்டும் வருகிறது. இது நான் வசதிக்குப் போட்ட கணக்குதான் என்றாலும் பட்டிகளில் உண்மையாக நடப்பதும் இரண்டாவது மாதிரிதான். மந்தையில் கால்வாசி ஆடுகள் முக்கால்வாசிப் புழுவைச் சுமக்கின்றன என்பது ஒட்டுண்ணி ஆய்வாளர்கள் நாடு நாடாகக் கண்ட விஷயம். மொத்த மந்தையில் எத்தனைக்குப் புழு என்பதை விட, சுமக்கிற அந்த நாலைந்து ஆடு எது என்பதுதான் பட்டிக்காரர் கேட்க வேண்டிய கேள்வி. கண்டறியும் முறைகளை நான் அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில் புழுக்கைச் சோதனை. சிட்னியில் இருந்த மெக்மாஸ்டர் ஆய்வகத்தில் 1939-ல் உருவான முறைதான் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது. 2 கிராம் புழுக்கையை 28 மி.லி. உப்புக் கரைசலில் நசுக்கிக் கரைத்து வடிகட்டுவார்கள். இனி உப்பு கரையாது என்னும் அளவுக்குச் சாதாரண உப்பைப் போட்டுக் கலக்கிய தண்ணீர் அது. அந்தக் கனமான தண்ணீரில் புழு முட்டை மிதக்கும், குப்பை அடியில் தங்கும். கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் இரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் 0.15 மி.லி. நிற்கும். ஐந்து நிமிடம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய ஓட்டுக்குள் திராட்சைக் கொத்து போல உயிரணுக்கள் திரண்ட நீள்வட்ட முட்டைகள் தெரியும். இரண்டு அறையிலும் எண்ணியதை 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று வந்துவிடும். செலவு என்று பார்த்தால் சில்லும் நுண்ணோக்கியும்தான்.

50-ஆல் பெருக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு முட்டை தெரிந்தால் 50, தெரியாவிட்டால் பூஜ்யம். நடுவில் எதுவும் கிடையாது. உண்மையில் 30 இருக்கும் ஆடு பல தடவை பூஜ்யம் என்று எழுதப்படும். இன்னொன்று, புழுக்கையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வண்டியின் பெட்டிக்குள் வெயிலில் வைத்து, இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோனால் முட்டை பொரிந்து இளம்புழுவாகி ஓடியிருக்கும். ஆய்வகம் முட்டை இல்லை என்று சொல்லும். தரையில் கிடப்பதை அள்ளினால் எந்த ஆட்டுடையது என்று தெரியாது, மண்ணில் இருக்கும் வேறு புழுவும் கலந்துவிடும். ஆசனவாயிலிருந்து நேராக எடுத்து, காற்றுப் புகாமல் கட்டி, குளிரில் வைத்து (உறையவிடாமல்) சீக்கிரம் கொடுக்க வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலோ மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மையங்களிலோ கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். பலரும் கேட்பதே இல்லை என்பது வேறு கதை.

முட்டை தெரிந்துவிட்டது. அது ஹீமாங்கஸ் முட்டையா? அங்கேதான் சிக்கல். ஆட்டின் குடலில் குடியிருக்கும் வேறு சில உருண்டைப் புழுக்களின் முட்டையும் அச்சில் வார்த்தது போல இதே மாதிரி இருக்கும். பழைய வழி, புழுக்கையை ஈரமாக வைத்து ஒரு வாரம், பத்து நாள் பொரியவிட்டு, வெளிவரும் இளம்புழுவின் வால் உறையின் நீளத்தைப் பார்த்து இனம் பிரிப்பது. ட்ரைக்கோஸ்ட்ராங்கைலஸ் என்ற புழுவுக்கு வால் உறை குட்டை, ஈசோபேகோஸ்டோமத்துக்குச் சாட்டை போல நீளம், ஹீமாங்கஸ் நடுத்தரம், நுனியில் சற்றே மடிந்திருக்கும். பொறுமையும் பழகிய கண்ணும் வேண்டும். எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. நிலக்கடலையிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தில் ஒளிரும் சாயத்தை ஏற்றி முட்டைகள் மேல் விட்டால், அது ஹீமாங்கஸ் முட்டையின் ஓட்டில் மட்டும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். தனி விளக்குள்ள நுண்ணோக்கியில் பார்த்தால் ஹீமாங்கஸ் முட்டை பச்சையாக ஒளிரும், மற்றவை மங்கலாகக் கிடக்கும். நம்மூர்ச் செவக்காட்டுப் பயிர் சோதனைக்கூடத்தில் இப்படி ஒரு வேலை செய்கிறது. மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறை இன்னும் துல்லியம். ஆராய்ச்சிக்கு அது வேண்டும். இருபது ஆடு வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

பட்டியிலேயே, காசில்லாமல், அன்றைக்கே தெரிந்துகொள்ளும் வழி ஆட்டின் கண்ணில் இருக்கிறது. ரத்தம் குடிக்கும் புழு என்பதால் சோகை வரும். சோகை வந்தால் கீழ் இமையின் உட்சவ்வு வெளுக்கும். மேய்ப்பர்களுக்கு இது பழைய சேதிதான், "கண்ணைப் பிதுக்கிப் பாரு" என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன், காரத் பாத், யான் வான் விக் ஆகிய கால்நடை மருத்துவர்கள் 1990-களில் இதை ஒரு வண்ண அட்டையாக்கினார்கள். மாலனின் பெயரை வைத்து அதற்கு ஃபமாச்சா என்று பெயர். கருஞ்சிவப்பு 1, சிவந்த இளஞ்சிவப்பு 2, இளஞ்சிவப்பு 3, வெளிறிய இளஞ்சிவப்பு 4, காகிதம் போல வெள்ளை 5. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 28 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 1, 12-க்குக் கீழே போனால் 5 என்பது அதன் அடிப்படை.

பார்க்கிற விதம் முக்கியம். நல்ல பகல் வெளிச்சத்தில், கொட்டகை நிழலில் அல்ல. மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி, விழியை மெதுவாக உள்ளே அழுத்தி, இன்னொரு விரலால் கீழ் இமையை இறக்கினால் சவ்வு மேலே பிதுங்கி வரும். அந்த நொடியில் பார்த்துவிட வேண்டும். நேரம் எடுத்தால் அழுத்தத்தாலேயே சிவந்துவிடும். இரண்டு கண்ணும் பார்த்து, எது அதிகம் வெளுத்திருக்கிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 4, 5 என்றால் மருந்து கட்டாயம். வெள்ளாட்டில் 3 இருந்தாலும் கொடுத்துவிடுவது நல்லது, குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் சந்தேகமே வேண்டாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், பழகிவிட்டால் ஆட்டுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இந்த அட்டையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது காட்டுவது சோகையை, புழுவை அல்ல. ஈரல் தட்டைப்புழு, உண்ணி, பேன், உண்ணி வழியாக வரும் ரத்த ஒட்டுண்ணிகள், வெறும் பட்டினி எல்லாமே கண்ணை வெளுக்க வைக்கும். கண்ணோய் வந்த ஆட்டுக்கும் புழுதிக்காட்டில் நடந்து வந்த ஆட்டுக்கும் சோகை இருந்தாலும் கண் சிவந்தே இருக்கும். ஆகவே வெளுத்த கண்களின் எண்ணிக்கை திடீரென்று கூடினால் நாலைந்து ஆட்டின் புழுக்கையையும் சோதித்துப் பார்த்துக்கொள்வதுதான் சரி.

எல்லா ஆட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து ஊற்றிவிட்டால் தொல்லை முடிந்ததே, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. நாள்காட்டி பார்த்து மருந்து ஊற்றும் அந்தப் பழக்கம்தான் இன்றைய பெரிய தலைவலி. தையபெண்டசோல் என்ற புழு மருந்து 1961-ல் விற்பனைக்கு வந்தது. மூன்றே ஆண்டில், 1964-ல், அதற்கு மசியாத ஹீமாங்கஸ் அமெரிக்காவில் பதிவானது. இந்தியாவில் செம்மறியில் 1976-லேயே அறிக்கை வந்துவிட்டது. இன்று நாம் அதிகம் ஊற்றும் அல்பெண்டசோல் அதே குடும்பம். லெவமிசோல் வந்தது, 1980-களில் ஐவர்மெக்டின் வந்தது, ஒவ்வொன்றுக்கும் இதே கதை நடந்தது. தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் மருந்து எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது.

எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் பிழைப்பது மருந்துக்கு மசியாத புழு மட்டும். அடுத்த தலைமுறை முட்டை முழுக்க அதனுடையது. வெளுக்காத ஆடுகளை மருந்தில்லாமல் விட்டால், மருந்துக்கு மசியும் சாதாரணப் புழுவின் முட்டையும் மேய்ச்சலில் விழுந்து கலந்துகொண்டே இருக்கும். இது கேட்க விநோதமாக இருக்கும். கொஞ்சம் புழுவை வேண்டுமென்றே விட்டுவைக்கச் சொல்கிறார்களே என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் மருந்தின் ஆயுளை நீட்டிக்க இதைவிட நம்பகமான வழி இன்னும் கிடைக்கவில்லை.

வெள்ளாட்டுக்காரர்கள் அறியாமல் செய்யும் இன்னொரு தப்பு அளவு. வெள்ளாட்டின் உடல் இந்த மருந்துகளைச் செம்மறியை விட வேகமாகக் கழித்துவிடும். செம்மறி அளவையே ஊற்றினால் வெள்ளாட்டுக்கு அது அரைகுறை. ஆட்டைத் தூக்கிப் பார்த்து "பதினஞ்சு கிலோ இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அது இருபது கிலோவாக இருந்தால் இன்னும் மோசம். லெவமிசோல் போன்ற சிலவற்றை அதிகம் கொடுத்தாலும் ஆபத்து என்பதால், சரியான அளவை மருத்துவரிடம் கேட்டு, தராசில் நிறுத்தித்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் பட்டியில் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய ஒரு சோதனை உண்டு. மருந்து ஊற்றும் நாளில் பத்து ஆட்டின் முட்டையை எண்ணுங்கள், 14 நாள் கழித்து அதே ஆடுகளில் மறுபடி எண்ணுங்கள். முட்டை 95 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். 1,000 இருந்த இடத்தில் 300 இருந்தால் அந்த மருந்துக்குக் காசு கொடுப்பது வீண். "கம்பெனி மருந்து சரியில்லை" என்று கடையை மாற்றி, வேறு பெயரில் அதே அல்பெண்டசோலை வாங்கி வருவதை நான் பல ஊரில் பார்த்திருக்கிறேன். பெயரைப் பார்க்காமல் டப்பாவில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தைப் படிக்க வேண்டும்.

தடுப்பூசி இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் நமக்கு இல்லை. புழுவின் குடலிலிருந்தே புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்த ஒரு தடுப்பூசி 2014-ல் ஆஸ்திரேலியாவில் செம்மறிக்கு வந்தது. ஊசி போட்ட செம்மறியின் ரத்தத்தைக் குடிக்கும் புழு, அதிலிருக்கும் எதிர்ப்புப் புரதங்களையும் சேர்த்துக் குடித்துத் தன் குடலே கெட்டுப் போகும். யோசனை அபாரம்.

நம் கையில் இருப்பது மேய்ச்சல். பனி காய்ந்த பின் பட்டியைத் திறப்பது, ஓட்ட மேய்ந்த புல்லில் மறுபடி விடாமல் இருப்பது, அகத்தி, சூபாபுல், வேலிமசால், கிளுவை என்று தழையைத் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிடுவது. பரண் மேல் வளர்ப்பவர்களுக்கு இந்தப் புழு அவ்வளவாக வராததற்குக் காரணம் எளிது, புழுக்கை இடுக்கு வழியாகக் கீழே போய்விடுகிறது, வாய் மேலேயே இருக்கிறது. பரணுக்கு வெளியே மேய விட்டால் அந்தப் பாதுகாப்பும் அத்தோடு போனது.

கண் பார்த்துப் பழகியவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார்கள். ஆட்டுக்கு ஒரு வரி, பார்த்த தேதிக்கு ஒரு எண். ஒரு மழைக்காலம் முடிந்து புரட்டினால், சில ஆட்டுக்கு எல்லாத் தேதியிலும் 1, 2 என்றே இருக்கும். ஒன்றிரண்டு ஆடு மூன்று தடவை 4 தொட்டிருக்கும், மூன்று தடவையும் மருந்து குடித்திருக்கும். புழுவைத் தாங்கும் குணம் ஓரளவு வாரிசாகவும் வருகிறது. அதனால் அந்த ஆட்டின் பெட்டைக்குட்டியைத் தாய்க்கு வைப்பதில்லை, அடுத்த சந்தைக்கு வண்டி ஏறும்போது முதலில் ஏறுவது அதுதான்.